அம்மா அப்பாவோடு ஆர்.வி. பயணமா? கிளம்பும் முன் இதைப் படிச்சுட்டுப் போங்க!

'கேரவன்' என்றதும் நம் ஊரில் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோ மேக்கப் போட்டுக்கொள்வதும், ஷாட் இடைவெளியில் ஏ.சி.யில் ஓய்வெடுப்பதும் அதற்குள்தான். அமெரிக்காவில் அதே மாதிரி வண்டியில் சாதாரணக் குடும்பங்கள் ஊர் சுற்றுகின்றன. அங்கே அதன் பெயர் 'ஆர்.வி.'. ரெக்ரியேஷனல் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட், ஷவர் எல்லாம் உள்ளே இருக்கும். வாங்க வேண்டியதில்லை, நாள் வாடகைக்கே கிடைக்கிறது.

அங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வண்டி மேல் ஓர் ஆசை உண்டு. முக்கியமாக, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது. விசிட்டர் விசாவில் வருபவர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் வரை தங்குகிறார்கள். அதில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே போய்விடும். 'இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு நாலு இடம் காட்டணும்' என்று பிள்ளைகள் நினைப்பார்கள். 'போற இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன பண்றது' என்று அம்மா நினைப்பார். 'வழியில் பாத்ரூம் இருக்குமா' என்பது சர்க்கரை நோய் உள்ள அப்பாவின் கவலை. ஆர்.வி. இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறது.

ஆனால் சரியாகத் திட்டமிடாவிட்டால் அதே வண்டி படுத்தி எடுத்துவிடும். இருட்டிய பிறகு முகாமுக்கு வந்து சேர்ந்து, டார்ச் வெளிச்சத்தில் எந்தக் குழாயை எங்கே சொருகுவது என்று மகன் தடுமாற, உள்ளே ஃபியூஸ் போய் விளக்கு அணைய, குழந்தை அழ, 'நான் வீட்டிலேயே இருந்திருப்பேனே' என்று அப்பா முனக... முதல் ராத்திரியே பலருக்கு இப்படித்தான் போகிறது. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

எந்த வண்டி எடுப்பது?

ஆர்.வி.யில் பல ரகம் உண்டு. பஸ் போல இருப்பது கிளாஸ் ஏ. வேனையே வீடாக மாற்றியது கிளாஸ் பி. டிரைவர் கேபினுக்கு மேலே பரண் போல ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருப்பது கிளாஸ் சி. குடும்பங்கள் அதிகம் வாடகைக்கு எடுப்பது இந்த கிளாஸ் சி வண்டியைத்தான். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரும் உண்டு. பழக்கமில்லாதவர்களுக்கு அதை ரிவர்ஸ் எடுப்பது பெரிய சோதனை என்பதால், முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

விளம்பரத்தில் 'ஆறு பேர் தூங்கலாம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி புக் செய்துவிடக் கூடாது. ஆறு படுக்கை இருப்பதும், ஆறு பேர் சீட் பெல்ட் போட்டு உட்கார இடம் இருப்பதும் வேறு வேறு. குழந்தைகளின் கார் சீட்டைப் பொருத்த வசதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, யார் எங்கே படுப்பது? கேபின் மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், உட்கார்ந்தால் தலை இடிக்கும். அது பிள்ளைகளுக்கு. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் கிடைக்கும் படுக்கை இளையவர்களுக்கு. பின்பக்கம் பாத்ரூமுக்கு அருகில் இருக்கும் தாழ்வான கட்டில் பெரியவர்களுக்கு. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பவர்களுக்கு இந்த ஒரு ஏற்பாடே பெரிய நிம்மதி.

வாடகை மட்டும் செலவில்லை!

நாள் வாடகையைப் பார்த்து 'ஹோட்டலைவிட மலிவு' என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. பல நிறுவனங்கள் ஓடும் மைல் கணக்குக்குத் தனியாக வாங்குகின்றன. ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி. பாத்திரம், போர்வை, தலையணை வேண்டுமென்றால் தனி. கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் கட்டணம். முகாமில் இரவு தங்கும் வாடகை, இன்ஷூரன்ஸ் ஆகியவையும் இதில் சேரும்.

பெட்ரோல் செலவு இன்னொன்று. 25 அடிக்கு மேல் நீளமுள்ள கிளாஸ் சி வண்டி ஒரு கேலனுக்குச் சுமார் 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும். நம் கணக்கில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்கூடத் தேறுவது கஷ்டம். 1,000 மைல் பயணம் என்றால் 100 கேலனுக்கு மேல் ஆகும். இதையெல்லாம் ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பயணத்தின் நடுவில் காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவர்களுக்கு மனசு கஷ்டமாகிவிடும். 'நம்மாலதானே இவ்வளவு செலவு' என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும், உள்ளேயும், கூரையின் ஓரங்களையும் மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலுக்கு நீங்கள் காசு கட்ட வேண்டிவராது. ஊழியர் ஒவ்வொரு ஸ்விட்சையும் விளக்கும்போது அதையும் அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள். இரவில் ஹீட்டர் எப்படிப் போடுவது என்று குழம்பும்போது அதுதான் கைகொடுக்கும்.

300 மைல், 3 மணி, 3 ராத்திரி

ஆர்.வி. ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. மதியம் 3 மணிக்குள் முகாமுக்குப் போய்ச் சேர். ஓர் இடத்தில் குறைந்தது 3 ராத்திரி தங்கு.

300 மைல் என்பது சுமார் 480 கிலோமீட்டர். காரில் ஐந்து மணி நேரத்தில் முடிகிற தூரம். ஆர்.வி.யில் அது ஏழு மணி நேரம்கூட ஆகலாம். பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் 200 மைலே போதும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் வண்டியைச் சமமாக நிறுத்தலாம், குழாய்களை நிதானமாகப் பொருத்தலாம், அம்மா சாயங்கால காபி போடலாம். பாதிச் சண்டைகள் இதிலேயே குறைந்துவிடும்.

முதல் ராத்திரியை வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள முகாமில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மறந்துபோன மாத்திரையும் சார்ஜரும் அப்போதுதான் தெரியவரும். திரும்பிப் போய் எடுத்து வரலாம்.

உயரத்தை எழுதி ஒட்டுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அதன் அடியில் செல்லும் சாலைக்கு முன்பு 11 அடி 8 அங்குல உயரம்தான் இடைவெளியாக இருந்தது. உயரமான வாடகை லாரிகளும் ஆர்.வி.களும் அதில் மோதிக் கூரையைப் பிய்த்துக்கொள்ளும் வீடியோக்கள் உலகம் முழுக்கப் பிரபலம். 'கேன் ஓப்பனர்' என்றே அந்தப் பாலத்துக்குப் பெயர் வந்துவிட்டது. 2019-ல் பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் இருந்தும் இந்த நிலை. காரணம், ஓட்டுபவர்களுக்குத் தங்கள் வண்டியின் உயரம் மனதில் இல்லை.

அதனால் வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக, அதன் உயரத்தையும் நீளத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கூரையில் இருக்கும் ஏ.சி.யையும் சேர்த்துத்தான் உயரம். பெட்ரோல் பங்க் கூரை, ஹோட்டல் வாசல், மரக்கிளை என எல்லாமே கவனிக்க வேண்டியவை. காரிலிருந்தே சாப்பாடு வாங்கும் டிரைவ் த்ரூ பக்கம் போகவே வேண்டாம். கூரையில் ஏற்படும் சேதத்துக்குப் பல வாடகை ஒப்பந்தங்களில் இன்ஷூரன்ஸ் கிடையாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காக்களிலும் கட்டுப்பாடுகள் உண்டு. ஷெனன்டோவா பூங்காவின் ஸ்கைலைன் டிரைவில் உள்ள மேரிஸ் ராக் சுரங்கப்பாதையின் உயரம் 12 அடி 8 அங்குலம். கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற 'கோயிங் டு த சன்' சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியை விடமாட்டார்கள். சாதாரண மேப் செயலிக்கு நீங்கள் ஓட்டுவது காரா, ஆர்.வி.யா என்று தெரியாது. வண்டியின் அளவைப் பதிவு செய்தால் அதற்கேற்ற வழியைக் காட்டும் ஆர்.வி. செயலிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

திரும்பும்போது வண்டியின் பின்பகுதி எதிர்ப்பக்கம் அகலமாக வீசும். அதனால் பெட்ரோல் பங்க் தூணை ஒட்டி நிறுத்திவிட்டு உடனே ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் கண்டிப்பாக இறங்கி, டிரைவர் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்ட வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறி வேலை செய்யாமல் போகும். கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

ஓடும் வண்டியில் யாரும் எழுந்து நடக்கக் கூடாது. வீடு மாதிரி இருப்பதால் 'போய் ஒரு பிஸ்கட் எடுத்துட்டு வரேன்' என்று கிளம்பத் தோன்றும். டாய்லெட் போக வேண்டுமென்றாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான்.

30 ஆம்ப் கணக்கு

முகாமில் வண்டிக்கு மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் ஆகிய மூன்று இணைப்புகளும் இருந்தால் அதை 'ஃபுல் ஹூக்கப்' என்பார்கள். பெரும்பாலான வாடகை வண்டிகளுக்கு 30 ஆம்ப் இணைப்பு. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். 30-ஐ 120-ஆல் பெருக்கினால் 3,600 வாட்ஸ். மொத்தக் குடும்பத்துக்கும் அவ்வளவுதான்.

கூரை ஏ.சி. சுமார் 1,500 வாட்ஸ் இழுக்கும். மைக்ரோவேவ் கிட்டத்தட்ட அதே அளவு. வெந்நீர் கெட்டில் இன்னொரு 1,500. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். 'கெட்டில் போடணும், ஏ.சி.யைக் கொஞ்சம் நிறுத்து' என்று சொல்லிப் பழகிக்கொண்டால் பிரச்னை இல்லை.

இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரி விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்ப் ஆகியவற்றுக்குத்தான் தாங்கும். ஏ.சி.க்கும் மைக்ரோவேவுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றில் இணைப்பு கிடையாது. யோசெமிட்டியில் பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களில் ஹூக்கப் இல்லை. கிராண்ட் கேன்யனில் 'டிரெய்லர் வில்லேஜ்' முகாமில் ஃபுல் ஹூக்கப் உண்டு, பக்கத்திலேயே இருக்கும் 'மேதர்' முகாமில் இல்லை. புக் செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோன 230 வோல்ட் மிக்ஸி அங்கே வேலை செய்யாது. சட்னி, மாவு, பொடி எல்லாவற்றையும் வீட்டிலேயே அரைத்து எடுத்துச் செல்வதுதான் நல்லது.

மூன்று தொட்டிகள்

ஆர்.வி.யில் எல்லோரும் பயப்படும் விஷயம் இதுதான். புரிந்துகொண்டால் சுலபம்.

நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு 'கிரே' தொட்டி. டாய்லெட் கழிவுக்கு 'பிளாக்' தொட்டி. ஒவ்வொன்றும் 100 லிட்டரிலிருந்து 200 லிட்டருக்குள் இருப்பது வழக்கம். இணைப்பு இல்லாத இடத்தில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு குளியல் போட்டாலே கதை முடிந்துவிடும். வெந்நீர்த் தொட்டி இன்னும் சின்னது. உடம்பை நனைத்துக்கொண்டு ஷவரை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசுவதுதான் அங்கே குளியல்.

ஃபுல் ஹூக்கப் இருந்தாலும் பிளாக் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது. திரவம் வடிந்துபோய்த் திடக்கழிவு மட்டும் தங்கிக் காய்ந்துவிடும். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு மொத்தமாகத் திறக்க வேண்டும். முதலில் பிளாக், அடுத்து கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயை அலசிவிடும். கையுறை அவசியம். இந்த வேலைக்கு வைத்திருக்கும் ஹோஸ் குடிநீர் ஹோஸ் மேல் படவே கூடாது. காலி செய்த பிறகு தொட்டிக்குள் சில லிட்டர் தண்ணீரும், அதற்கான ரசாயனமும் ஊற்றி வையுங்கள். வாடை வராது.

டாய்லெட்டில் நம்மவர்கள் தண்ணீர் பயன்படுத்துவது தொட்டிக்கு நல்லதுதான், கழிவு இறுகாது. ஆனால் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். எனவே சின்ன மக் ஒன்று வைத்து, அளவாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பேப்பர் பயன்படுத்துபவர்கள் எளிதில் கரையும் ஆர்.வி. பேப்பரையே வாங்குங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின், டயாப்பர் எதையும் போடக் கூடாது. இதை அம்மாவிடம் மகளோ மருமகளோ முதல் நாளே தனியாகச் சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை.

அம்மாவின் அடுப்பு

ஃப்ரிட்ஜை முந்தின நாளே ஆன் செய்து குளிரவிட்டு, பிறகு பொருட்களை அடுக்குங்கள். முதல் இரண்டு நாளைக்குப் புளியோதரை, சப்பாத்தி, தொக்கு, இட்லி என்று வீட்டிலேயே செய்து எடுத்துப் போகலாம். பழனிக்கும் திருப்பதிக்கும் வேனில் கட்டுச்சோறு கட்டிய அனுபவம் அம்மாக்களுக்கு உண்டு. அவர்களிடமே பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்ன குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு வாணலி போதும். வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டயருக்குச் சுமைதான்.

சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் கிரே தொட்டியின் எதிரிகள். தட்டைக் காகிதத்தால் துடைத்து மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சிங்க்கில் ஒரு வடிகட்டி வைத்துவிடுங்கள். அரிசி களைந்த தண்ணீரை வெளியே மண்ணில் கொட்டுவது நம் ஊரில் சாதாரணம். அங்கே முகாமில் கழிவுத் தண்ணீரை மண்ணில் ஊற்ற அனுமதி இல்லை.

தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். மிளகாய் வதக்கினால் நிச்சயம். எரிச்சலில் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்பு மேல் ஃபேனைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். பல முகாம்களில் வெளியே மேஜை இருக்கும். கையடக்க அடுப்பை அங்கே வைத்துச் சமைத்தால் வண்டிக்குள் வாடையும் இருக்காது.

இது உயிர் விஷயம்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து தெரியவே தெரியாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஆகஸ்டில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். போகும் வழியில் சமைத்துச் சாப்பிடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. கேஸ் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது.

வண்டியை வாங்கும்போதே கார்பன் மோனாக்சைடு, கேஸ் கசிவு, புகை ஆகிய மூன்றுக்குமான அலாரங்களையும் பட்டனை அழுத்திச் சோதித்துப் பாருங்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது, அவசர வழியாகத் திறக்கும் ஜன்னல் எது என்று எல்லோருக்கும் காட்டுங்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். உங்கள் ஜெனரேட்டரை நிறுத்தினாலும் பக்கத்து வண்டியின் புகை உங்கள் ஜன்னலுக்கு வரலாம், கவனியுங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயவே கூடாது. பெட்ரோல் போடப் போகும்போது கேஸை மூடிவிட வேண்டும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் உடனே வெளியே வந்து, 911-ஐ அழையுங்கள்.

டயரையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்று ஆரம்பிக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2321 என்றிருந்தால் 2021-ன் 23-வது வாரம். பார்ப்பதற்குப் புதிதாக இருந்தாலும் பழைய டயர் என்றால் வேறு வண்டி கேளுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடும் முன் சோதியுங்கள்.

இடம் பிடிப்பதும், அக்கம்பக்கமும்

புகழ்பெற்ற தேசியப் பூங்காக்களில் கோடைக்கால இடங்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். 'ரெக்ரியேஷன் டாட் கவ்' என்ற அரசு இணையதளத்தில் பல முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கிறது. பெற்றோரின் டிக்கெட் உறுதியானதுமே இதையும் பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் பூங்காவுக்கு வெளியே மாநிலப் பூங்காக்களும் தனியார் முகாம்களும் உண்டு.

கரடி உள்ள பகுதிகளில் விதிகள் கடுமை. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் கூடாரமே அடிக்கக் கூடாது, கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்குத்தான் அனுமதி. காரணம், அங்கே கரடி நடமாட்டம் உண்டு. நெய், ஊறுகாய், தேங்காயெண்ணெய், டூத்பேஸ்ட் என வாசனை உள்ள எதையும் வெளியே மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது பல முகாம்களின் விதி. ஜெனரேட்டருக்கு இன்னும் குறைந்த நேரமே அனுமதி. அடுத்தவர் இடத்தின் குறுக்கே நடந்து போவது அங்கே மரியாதைக் குறைவு. வாக்கிங் போகும் அப்பாவிடம் இதைச் சொல்லிவையுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். மரத்தைத் தின்னும் பூச்சிகள் அதன் வழியாகப் புது இடத்துக்குப் பரவும் என்பதால், முகாமின் அருகிலேயே வாங்கச் சொல்கிறார்கள்.

பெரியவர்களுக்காக...

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். கோடையிலும் ராத்திரி குளிரும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் கட்டாயம். மேலே போனதும் முதல் நாள் அதிகம் நடக்கவிடாதீர்கள்.

வண்டியின் படி உயரமாக இருக்கும். ஒரு ரப்பர் கால் ஸ்டூல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்துக்கு பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் ஃப்ரிட்ஜின் குளிர்ப்பெட்டியை ஒட்டி உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் விவரத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

பூங்காக்களில் பல இடங்களில் மொபைல் சிக்னல் இருக்காது. மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். முகாமின் பெயர், உங்கள் இட எண், உங்கள் பெயர், போன் நம்பர் ஆகியவற்றை ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி அம்மா, அப்பா இருவரின் பையிலும் போடுங்கள். நடந்து போய் வழி தவறினாலும் யாரிடமாவது அதைக் காட்டினால் போதும்.

ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புங்கள்

ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும் ஒருவர் வண்டியை ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும்.

- மின் கேபிள், தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ் கழற்றியாயிற்றா?
- வெளிப்படி மடிந்ததா? வெயில் மறைப்பு சுருட்டியதா?
- வெளியே நீளும் அறை இருந்தால் உள்ளே இழுத்தாயிற்றா?
- கூரை ஜன்னல், ஆன்டெனா மூடியதா?
- சக்கரத்துக்கு வைத்த கட்டைகள் எடுத்தாயிற்றா?
- கேஸ் அடுப்பு அணைந்ததா? ஃப்ரிட்ஜ், அலமாரிக் கதவுகள் பூட்டியதா?
- எல்லோரும் உள்ளே, சீட் பெல்ட்டோடு இருக்கிறார்களா?

இந்த வேலையை அப்பாவிடம் கொடுத்துப் பாருங்கள். பட்டியலைப் பிரின்ட் எடுத்து, ஒரு பேனாவும் கையில் கொடுத்துவிடுங்கள். காலம் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவர் அவர். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தவர். அவரைவிடக் கச்சிதமாக இதைச் செய்ய ஆள் கிடையாது. ஓட்டுவது மகனாகவோ மகளாகவோ இருக்கட்டும். அப்பா 'எல்லாம் சரி, போலாம்' என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள், அக்கம்பக்கத்தில் பார்த்த இடங்களின் பெயரை மறந்துவிடலாம். 'அந்த வண்டியில் தினமும் நான் செக் பண்ணித்தான் எடுப்பாங்க' என்பதை மறக்கமாட்டார்கள்.